அணைக்கரையில் தூண்டில் கணக்கெடுப்பு: கொங்குப் பக்கம் முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். வீடு உடுமலைப் பக்கம். ஞாயிறு ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு அணைக்கரைக்குப் போய்விடுவது பதினைந்து வருடப் பழக்கம். கரையில் எப்போதும் ஒரே பேச்சுதான்: "முன்ன மாதிரி மீனே இல்லைங்க." வலைக்காரர் தூண்டில்காரரைக் கைகாட்டுவார், தூண்டில்காரர் வலைக்காரரைக் கைகாட்டுவார். வலையில் விழும் மீன் எடை போட்டு விற்கப்படுவதால் எங்காவது ஒரு நோட்டில் ஏறிவிடும். தூண்டிலில் வருவது மஞ்சப்பையில் விழுந்து நேராக வீட்டுக் குழம்புக்குப் போய்விடும். அதற்கு நோட்டே கிடையாது.

அந்தக் கணக்கை நாமே எடுத்தால் என்ன என்று நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஓர் அணையிலும் ஓர் ஊர்க்குளத்திலுமாக ஒரு வருடம் அலைந்தோம். முதல் மூன்று மாதம் எடுத்தது முழுக்க வீண். முறை தெரியாமல் இறங்கியதுதான் காரணம். நீங்கள் கல்லூரி மாணவராக இருக்கலாம், இயற்கை ஆர்வலராக இருக்கலாம், எங்களைப் போலத் தூண்டில் பிடிப்பவராக இருக்கலாம். அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த வேலைக்கு நன்கு வளர்ந்த வழிமுறை கடலோரத்தில் இருக்கிறது, பொழுதுபோக்குக்காகக் கடல்மீன் பிடிப்பவர்களைக் கணக்கெடுப்பதில். நமக்குக் கடல் இல்லை. ஆனாலும் அந்த முறை ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி, பவானிசாகர் கரைகளுக்கும் கோவைக் குளங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முறையின் அடிப்படை இவ்வளவுதான். கரையில் மொத்தம் எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்படுகிறது என்பது ஒரு கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் வருகிறது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் பெருக்கினால் மொத்தப் பிடிப்பு. இரண்டும் தனித்தனி வேலை. ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டுமே கெட்டுவிடும்.

1. எதற்குக் கணக்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"மீன்பிடிப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள" என்று எழுதினால் படிவம் நாலு பக்கம் நீண்டுவிடும், கரையில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார். எங்கள் வரி இது: "இந்த அணையில் ஒரு வருடத்தில் தூண்டிலில் எத்தனை கட்லா, ரோகு, ஜிலேபி போகிறது? அதில் எத்தனை குஞ்சுப் பருவத்திலேயே போகிறது?" மீன்குஞ்சு விடுகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற கேள்வி இது. விட்ட குஞ்சு வளர்வதற்குள் கரையோரத் தூண்டிலில் போய்விடுகிறதா என்று தெரிந்தால், எங்கே விடுவது, எந்த அளவில் விடுவது என்று அவர்கள் மாற்றிக்கொள்ள முடியும். இந்த வரிக்கு உதவாத எந்தக் கேள்வியையும் படிவத்தில் சேர்க்காதீர்கள்.

2. அனுமதிக் கடிதங்கள்: இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

அணை, தண்ணீர், கரை எல்லாம் நீர்வளத் துறை. ஊரில் இன்னும் பொதுப்பணித் துறை என்றுதான் சொல்வார்கள். மீன் என்றால் மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை. மாவட்ட அளவில் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மீன்பிடி உரிமை அணைக்கு அணை வேறுபடும். தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடம் இருக்கலாம், கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கலாம், குத்தகைதாரரிடம் இருக்கலாம். யாரிடம் இருக்கிறது என்று கேட்டு அவருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கோவை நகருக்குள் உள்ள பல குளங்கள் மாநகராட்சிப் பராமரிப்பில் இருக்கின்றன.

கரை காட்டை ஒட்டியிருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். பவானிசாகர் நீர்ப்பரப்பின் ஒரு பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அமராவதிக்கு மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகம். சாயங்காலம் யானை தண்ணீருக்கு இறங்கும், இந்த இரண்டு அணைகளிலும் முதலையும் உண்டு. காட்டுப் பக்கக் கரையை நாங்கள் கணக்கெடுப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். எடுத்துவிட்டோம் என்று அறிக்கையிலும் எழுதினோம். உயிரைப் பணயம் வைத்து எடுக்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: யார் நீங்கள், எந்தக் கரை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர் வருவீர்கள், மீனைப் பிடிக்க மாட்டீர்கள் என்பது, ஆளின் பெயர் வாங்க மாட்டீர்கள் என்பது, முடிவில் ஒரு பிரதி அவர்களுக்குத் தருவீர்கள் என்பது. ஆதார் நகல், கல்லூரி அல்லது சங்கத்தின் கடிதம், படிவத்தின் மாதிரி, கரையைக் குறித்த வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். வரைபடம் கையால் போட்டது போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடிதம் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் "பெறப்பட்டது" முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒன்றில், மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு வந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துப் போனால், அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். கையில் ஆதாரம் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த வருடம் அணை நிறைந்த பருவம் எங்கள் கையை விட்டுப் போனது அதனால்தான்.

3. பழைய கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

நீங்கள் எடுக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு எண்கள் வேண்டும். கடந்த சில வருடங்களில் எந்த மீன்குஞ்சு எத்தனை விட்டார்கள், எந்த மாதம் விட்டார்கள், வலையில் எவ்வளவு டன் எடுத்தார்கள், மாதவாரியாக நீர்மட்டம் என்ன என்ற நான்கும் போதும். நேரில் கேட்டாலே சிலர் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ல் மனுப் போடுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள் கெடு. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். "எல்லா விவரமும் தரவும்" என்று எழுதாதீர்கள். வருடம், அணையின் பெயர், மீன் வகை என்று குறிப்பிட்டு எண்போட்டுக் கேளுங்கள்.

4. நாளைக் குலுக்கிப் போட்டு எடுங்கள்

நாங்கள் முதல் மூன்று மாதத்தைத் தொலைத்தது இங்கேதான். எங்களுக்கு லீவு ஞாயிறு என்பதால் ஞாயிறு மட்டும் போனோம். அதிலும் மழை இல்லாத ஞாயிறாக, மீன் நல்லாக் கடிக்குது என்று யாராவது போன் பண்ணின ஞாயிறாகப் போனோம்.

பனியன் செக்கிங்கில் பெட்டியைத் திறந்து மேலே இருக்கும் பத்துப் பீஸை மட்டும் பார்த்துவிட்டு பாஸ் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மேலே நல்ல பீஸைத்தான் அடுக்கியிருப்பார்கள். எந்தப் பெட்டி, எந்த அடுக்கு என்று குலுக்கி எடுத்தால்தான் லாட்டின் உண்மை தெரியும். தினமும் இதைச் செய்கிற நான் கரையில் அதை மறந்துவிட்டேன்.

இப்படிச் செய்யுங்கள். மாதத்தின் எல்லாத் தேதிகளையும் சீட்டெழுதி இரண்டு டப்பாவில் போடுங்கள். ஒன்று கூட்ட நாள், மற்றது சாதா நாள். ஏலச் சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒவ்வொன்றிலும் எடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் குறைந்தது இரண்டு நாளாவது எடுத்தே ஆக வேண்டும். ஒரே ஒரு நாள் எடுத்தால் நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிட வழியே இல்லை. நாங்கள் கூட்ட நாளில் இரண்டும் சாதா நாளில் மூன்றும் எடுத்தோம். குலுக்கலில் வந்த நாளில் மழை பெய்தாலும் போக வேண்டும். கரையில் ஒருவரும் இல்லை என்றால் "0" என்று எழுதிவிட்டு வர வேண்டும். அந்தப் பூஜ்யமும் கணக்கில் சேரும்.

எது கூட்ட நாள் என்பதை உங்கள் ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், கம்பெனி ஓடும். அதனால் சனியைக் கூட்ட நாளில் சேர்த்தால் தப்பு. கோவையில் ஐடி கம்பெனி ஆட்கள் வரும் குளம் என்றால் சனியும் கூட்ட நாள்தான். ஆடிப் பதினெட்டு, பொங்கலை ஒட்டிய நாட்கள், தீபாவளி லீவு இவற்றைத் தனி டப்பாவாக வைப்பது நல்லது. தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும், ஊர்க்குளங்களில் கூட்டம் இரட்டிப்பாகும்.

5. முதலில் தலையை எண்ணுங்கள், பேச்சு அப்புறம்

காலை 6 முதல் மாலை 6 வரை 12 மணி நேரம் என்று நாளை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று தடவை கரையை எண்ண வேண்டும். அந்த மூன்று நேரத்தையும் சீட்டுப் போட்டு எடுங்கள். கரையின் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதற்குக் காசைச் சுண்டுங்கள். எப்போதும் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே தொடங்கினால், அங்கே காலையில் இருக்கும் கூட்டம் மட்டும் திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும்.

எண்ணும்போது நிற்காதீர்கள், பேசாதீர்கள். தெரிந்தவர் கூப்பிட்டாலும் கையை அசைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பேச நின்றால் அதற்குள் முன்னால் நாலு பேர் கிளம்பியிருப்பார்கள், பின்னால் மூன்று பேர் வந்திருப்பார்கள். எதிர்க்கரைக்குச் சின்ன பைனாகுலர் உதவும்.

ஆளை எண்ணுகிறீர்களா, தூண்டிலை எண்ணுகிறீர்களா என்று முதல் நாளே முடிவு செய்து படிவத்தின் தலையில் எழுதிவிடுங்கள். ஒருவர் நாலு ராடு ஊன்றிவிட்டு மரநிழலில் படுத்திருப்பார். நாங்கள் ஆளைத்தான் எண்ணினோம், ராடுகளின் எண்ணிக்கையைப் பேட்டியில் தனியாகக் கேட்டோம். இன்னொன்று: ஊர்க்குளத்தில் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்த அக்காமார்களை முதல் மாதம் நாங்கள் எண்ணவே இல்லை. துணி துவைக்க வந்தவர்கள், கூட வந்தவர்கள் என்று நினைத்துக் கடந்துவிட்டோம். ஒருநாள் ஓர் அக்கா தன் குண்டாவைத் திறந்து காட்டினார். உள்ளங்கை அளவு ஜிலேபி முப்பதுக்கு மேல் இருந்தது. அன்று கரையில் ரீலும் லூரும் (போலி இரை) வைத்திருந்த ஆண்கள் யாரிடமும் அதில் பாதிகூட இல்லை.

6. பேட்டி: இரண்டே நிமிடம்

கரைக்கு ஒரே கேட்தான் என்றால் வாசலில் நின்று, கிளம்பிப் போகிறவரிடம் கேட்பதுதான் சுலபம். அவர் பிடித்து முடித்துவிட்டார், மொத்த நேரமும் மொத்த மீனும் தெரியும். கரை நாலாபக்கமும் திறந்திருந்தால் நடந்துபோய், பிடித்துக்கொண்டு இருக்கும்போதே கேட்க வேண்டும். இந்த இரண்டாவது முறையில் ஒரு பொறி இருக்கிறது. நாள் முழுக்க உட்காருகிறவர்தான் உங்கள் கண்ணில் அதிகம் படுவார். அரைமணி நேரம் போட்டுவிட்டுப் போகிறவர் தப்பிவிடுவார். அதனால் நடந்து கேட்டதை வைத்து "சராசரியாக ஒருவர் இத்தனை மணி நேரம் இருக்கிறார்" என்று எழுதக் கூடாது. மணிக்கு எத்தனை மீன் என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தூண்டில் போட்டு அரைமணிகூட ஆகாதவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாரைக் கேட்பது? மீன் வைத்திருப்பவரிடம்தான் கால் தானாகப் போகும். ஒரு வாளியைச் சுற்றி நாலு பேர் நின்றால் நாமும் போய் எட்டிப் பார்ப்போம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. கரையில் வரிசையாக மூன்றாவது ஆள், ஆறாவது ஆள், ஒன்பதாவது ஆள் என்று போங்கள், வாளியைப் பார்க்காமல். வெறுங்கையோடு இருப்பவர் "நமக்கு ஒண்ணும் கிடைக்கலைங்க, அங்க போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிடப் பார்ப்பார். அங்கேயே நின்று கேளுங்கள். ஒன்றும் கிடைக்காதவரின் நேரம்தான் உங்கள் கணக்கை நேராக்கும். எப்படி என்று ஒன்பதாம் படியில் எண் போட்டுக் காட்டுகிறேன்.

பேச்சை ஆரம்பிப்பது எப்படி என்பதற்கு எங்கள் அனுபவம் ஒன்று. முதல் வாரம் கழுத்தில் அட்டை, கையில் கிளிப் பேடு, வெள்ளைச் சட்டை என்று போனோம். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"ஏந் தம்பி, மீன் ஆபீஸுங்களா? நாங்க வலையெல்லாம் போடறதில்லைங்க. வெறும் தூண்டிதானுங்க, பொழுது போகாம வந்தேன்."

"இல்லீங்கய்யா, நாங்களும் தூண்டில் போடறவங்கதான். எத்தனை மீன் வருதுன்னு ஒரு கணக்கு. பேரு, ஊரு எதுவும் வேண்டாமுங்க."

"பேரு வேண்டாமா? அப்பச் செரி, உக்காருங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் பிடி. பேர் வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதற்கப்புறம் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் காட்டினோம். பெரியவர்களை ஐயா என்றும் வயதொத்தவர்களை அண்ணா என்றும் கூப்பிட்டோம். உட்கார்ந்து பேசினோம். நின்றுகொண்டு கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும்.

நாங்கள் கேட்டவை: எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை தூண்டில், என்ன இரை, என்ன மீன் எத்தனை பிடித்தீர்கள், அதில் எத்தனை திரும்ப விட்டீர்கள், கடைசி இரண்டு மாதத்தில் இந்தக் கரைக்கு எத்தனை தடவை வந்தீர்கள். அவ்வளவுதான். திரும்ப விட்டதைத் தனியாகக் கேட்காவிட்டால் சொல்லவே மாட்டார்கள். அது கேள்வியில் இருந்தே ஆக வேண்டும்.

"எத்தனை தடவை" என்ற கேள்வி மிகவும் வழுக்கும். ஒரு தம்பி இரண்டு மாதத்தில் பன்னிரண்டு தடவை என்றார். பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது, அதில் நாலு தடவை நண்பர்களோடு கொச்சிக்குப் போய்க் கடலில் போட்டது. கோவை, திருப்பூர்க்காரர்கள் பலர் அப்படிக் கடலுக்கும் போகிறார்கள். அதனால் "இந்தக் கரைக்கு" என்று அழுத்திச் சொல்லுங்கள், "வேறெங்கும் போவீங்களா" என்று தனியாக ஒரு கட்டம் வையுங்கள். ஒரு வருடக் கணக்கை மட்டும் ஞாபகத்திலிருந்து கேட்டு அதை நம்பாதீர்கள். பிடித்த நாள் ஞாபகம் இருக்கும், சும்மா வந்த நாள் மறந்துபோகும்.

கேள்வியின் வரிசைகூட எண்ணை மாற்றும். அமெரிக்காவில் கடல் தூண்டில்காரர்கள் எத்தனை தடவை போகிறார்கள் என்று வீடுகளுக்குத் தபாலில் படிவம் அனுப்பிக் கணக்கெடுக்கிறார்கள். அதில் இரண்டு மாதக் கேள்வியை முதலிலும் ஒரு வருடக் கேள்வியைப் பின்னாலும் வைத்திருந்தார்கள். வரிசையை மாற்றிச் சிறிய அளவில் சோதித்தபோது, கரையிலும் சொந்தப் படகிலும் பிடிப்பவர்களின் கணக்கு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் குறைந்து வந்தது என்று 2023-ல் அவர்களே அறிவித்தார்கள். அத்தனை பெரிய ஏற்பாட்டிலேயே இப்படி என்றால், நாம் பாதியில் கேள்வியை இடம் மாற்றினால் முன் மாதத்தையும் பின் மாதத்தையும் ஒப்பிடவே முடியாது. பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்துப் படிவத்தை உறுதி செய்யுங்கள். அப்புறம் வருடம் முழுக்கத் தொடாதீர்கள்.

ஞாயிறுகளில் ஒடிசா, வங்காளம், பீகாரிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பிகள் நிறையப் பேர் தூண்டில் போடுகிறார்கள். எங்கள் ஊர்க்குளத்தில் அவர்களை விட்டுவிட்டால் கணக்கே இல்லை. இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், படிவத்தை இந்தியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பேச மறுத்தவரையும் ஒரு கோடு போட்டுக் கணக்கில் வையுங்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று பின்னால் கேட்பார்கள். சின்னப் பையன்களைத் தலை எண்ணுவதோடு விட்டுவிடுங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பக்கத்தில் அப்பா இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

7. மீனை அளப்பது

"ரெண்டு கிலோ இருக்குமுங்க" என்பதை அப்படியே எழுதாதீர்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, கையில் பிடித்த சந்தோஷத்தில் எடை கூடித்தான் தெரியும். அளந்தது என்றால் "அ", சொன்னது என்றால் "சொ" என்று பக்கத்தில் குறியுங்கள்.

அளவுப் பலகைக்கு டெய்லர் டேப்பை ஒட்டாதீர்கள். எங்களிடம் கம்பெனி டேப் இருந்ததால் அதைத்தான் முதலில் ஒட்டினோம். ஈரமும் வெயிலும் பட்டு அது இழுத்துக்கொண்டது, இரண்டே மாதத்தில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஸ்டீல் ஸ்கேலைத் திருகு ஆணி வைத்துப் பலகையில் பொருத்துங்கள். ஒரு முனையில் மரக்கட்டை அடித்து மீனின் மூக்கை அதில் முட்டவைத்து, வாலை லேசாகச் சேர்த்துப் பிடித்து நுனி வரை படியுங்கள். பலகையை முதலில் தண்ணீரில் நனையுங்கள், கையையும் நனையுங்கள். திரும்ப விடப் போகிற மீன் என்றால் காய்ந்த பலகையில் அதன் வழவழப்பு போய்விடும்.

பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். கரையில் பத்து வகை மீனுக்குக் கெண்டை என்று ஒரே பெயர். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை, ஜிலேபி, விரால், கெளுத்தி, வாளை, ஆரால் என்று படம் போட்டு லேமினேட் செய்த அட்டை ஒன்றைக் கையில் வைத்து, "இதுங்களா, இதுங்களா" என்று காட்டிக் கேளுங்கள். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தனிக் கட்டம் வையுங்கள், மீன்வளத் துறைக்கு அது அவசியமான தகவல்.

மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுமீனுக்கும் ஒரு கட்டம் வையுங்கள். காவிரி வடிநிலத்துக்கே உரிய, முதுகு திமில் மாதிரி எழும்பிய மஹ்சீரின் அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி. அந்தப் பெயரில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட மீன் கிடைத்தது பாம்பாற்றில். அந்தத் தண்ணீர்தான் இறங்கி நம் அமராவதிக்கு வருகிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் 2018-ல் சேர்ந்துவிட்டது. அப்படி ஒன்று யார் தூண்டிலிலாவது வந்தால் தண்ணீருக்குள் வைத்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுங்கள். எங்கள் ஒரு வருடத்தில் ஒன்றும் வரவில்லை. அந்தக் கட்டத்தை 0 என்று நிரப்பும் ஒவ்வொரு தடவையும் மனசு கனத்தது.

8. சாமானும் செலவும்

பலகைக்கு ஸ்டீல் ஸ்கேலோடு 250 ரூபாய் ஆனது. தொங்கவிடும் டிஜிட்டல் தராசு 400. வாராவாரம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். படிவ நகல் மாதம் 100 ரூபாய்க்குள் முடியும். பெரிய செலவு பெட்ரோல்தான். எங்களுக்குப் போக வர 50 கிலோமீட்டர், நாளுக்கு 120 ரூபாய், மாதம் ஐந்து நாள். சாப்பாடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். வருடம் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது, நாலு பேர் பங்கிட்டுக்கொண்டோம்.

செல்போன் செயலியில் ஏற்றலாம்தான். ஆனால் நல்ல வெயிலில் திரை தெரியாது, சில கரைகளில் சிக்னலும் கிடையாது. தாளும் பென்சிலும் போதும். பேனா எழுத்து ஈரத்தில் கரைந்துவிடும். அன்று ராத்திரியே கணினியில் ஏற்றிவிடுங்கள், மறுநாள் பார்த்தால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

9. கணக்குப் போடுவது

விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை. ஒரு ஞாயிறு மூன்று தடவை எண்ணியதில் 8, 22, 15 பேர். சராசரி 15. நாள் 12 மணி நேரம். ஆக 15 × 12 = 180 ஆள்மணி.

அன்று கிளம்பும்போது பத்துப் பேரிடம் கேட்டீர்கள். பத்துப் பேரும் சேர்ந்து உட்கார்ந்தது 25 மணி நேரம், பிடித்தது 20 மீன். மணிக்கு 0.8. ஆக அன்றைய பிடிப்பு 180 × 0.8 = 144 மீன்.

அந்தப் பத்தில் நாலு பேர் வெறுங்கை, அவர்கள் உட்கார்ந்தது 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டு மீன் வைத்திருந்த ஆறு பேரை மட்டும் கேட்டிருந்தால், 15 மணி நேரத்துக்கு 20 மீன், மணிக்கு 1.33. மொத்தம் 240 ஆகிவிடும். அதே கரை, அதே நாள், 96 மீன் காற்றிலிருந்து வந்துவிட்டது.

இது பிடித்து முடித்தவர்களிடம் கேட்டால் போடும் கணக்கு: மொத்த மீனை மொத்த நேரத்தால் வகுப்பது. நடந்துபோய்ப் பாதியில் கேட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மணிக்கு எத்தனை என்று பார்த்து, அப்புறம் அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

மாதக் கணக்குக்கு: எடுத்த ஞாயிறுகளின் சராசரி 144 என்றால், நாலு ஞாயிறுக்கு 576. சாதா நாள் சராசரி 30 என்றால், மீதி 26 நாளுக்கு 780. மொத்தம் 1,356. சாதா நாளில் கரை வெறிச்சோடி இருந்தும் மொத்தத்தில் அதுவே ஞாயிறை மிஞ்சிவிட்டதைப் பாருங்கள். ஞாயிறு மட்டும் போய்விட்டு 144-ஐ 30-ஆல் பெருக்கியிருந்தால் 4,320 என்று வரும். எங்கள் முதல் மூன்று மாதக் கணக்கு இப்படித்தான் இருந்தது. அதை எங்கும் கொடுக்காமல் கிழித்துப் போட்டோம்.

மாதத்தை மாதத்தோடு சேர்க்கும்போது நீர்மட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். தண்ணீர் வற்றி மீன் ஒடுங்கிய மாதத்தில் மணிக்கு எண்ணிக்கை எகிறும். மீன் பெருகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

10. கொண்டுபோய்க் கொடுப்பது

நாலு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். முதல் பக்கத்தில் மூன்று எண் போதும்: வருடத்துக்கு எத்தனை ஆள்மணி, என்ன மீன் எத்தனை, அதில் எத்தனை சதவீதம் குஞ்சு. ஒவ்வொரு எண்ணுக்கும் கூடக் குறைய எவ்வளவு இருக்கலாம் என்றும் எழுதுங்கள். ஒற்றை எண்ணாகக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைதான் வரும். எந்தக் கரையை விட்டீர்கள், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், ராத்திரியில் தூண்டில் போடுகிறவர்களை எண்ணவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

அணையில் குஞ்சு விடும் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அறிக்கை போய்ச் சேர வேண்டும். விட்டு முடித்த பிறகு கொடுத்தால் அடுத்த வருடம் வரைக்கும் அலமாரியில்தான் இருக்கும். மீன்வளத் துறைக்கு ஒன்று, மீன்பிடி உரிமை வைத்திருப்பவருக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று, வலைக்காரர் சங்கத்துக்கு ஒன்று. முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

அப்புறம் ஒன்றைக் கரையிலும் படித்துக் காட்டுங்கள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். பேர் வேண்டாமா என்று கேட்ட அந்தப் பெரியவரும் வந்திருந்தார். குஞ்சு கணக்கு வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் வாளியை எட்டிப் பார்த்தேன். விரல் நீளக் கட்லா எதுவும் அதில் இல்லை.